தாகத்தின் ருசி

ஒரு பருப்புக்கீரைச் செடியை ஒரே நாளில் இரண்டு தடவை தின்று பாருங்கள். விடியற்காலை ஐந்தரை மணிக்கு, பனி காயும் முன்னே, ஒரு கொழுந்தைக் கிள்ளி வாயில் போட்டு மெல்லுங்கள். அதே செடியில், அதே கிளையில், மாலை வெயில் தாழ்ந்தபின் இன்னொரு கொழுந்தைக் கிள்ளி மெல்லுங்கள். காலைக் கொழுந்து நாக்கில் சுருக்கென்று புளிக்கும். மாலைக் கொழுந்தில் அந்தச் சுருக்கு அடங்கியிருக்கும். லேசான உப்பும் வழவழப்புமாக மெல்ல இறங்கும். செடி நாலைந்து நாள் தண்ணீர் காணாமல் காய்ந்திருந்தால் இந்த வேறுபாடு இன்னும் துலக்கமாகத் தெரியும். என் வீட்டு மாடித் தொட்டியில் பல கோடைகளாக இதைச் செய்து பார்த்து வருகிறேன். நல்ல செய்யுளை இரண்டாம் தடவை வாசிக்கும்போது, முதலில் கண்ணில் படாமல் போன ஒரு சொல் எழுந்து நிற்குமே, அப்படி ஒரு சந்தோஷம் ஒவ்வொரு முறையும் கிடைக்கிறது.

அந்தப் புளிப்பு, இரவு முழுக்கச் செடி பார்த்த வேலையின் கணக்கு. அதைப் படிக்க, இலைக்கு இருக்கும் ஓர் இக்கட்டை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

இலையின் அடிப்பக்கத்தை நுண்ணோக்கியில் பார்த்தால், இரண்டு அவரை விதைகளை எதிரெதிரே ஒட்டிவைத்தது போன்ற குட்டி வாய்கள் தெரியும். ஒரு சதுர மில்லிமீட்டருக்குள் நூற்றுக்கணக்கில் இருக்கும். இவைதான் இலைத்துளைகள். செடிக்கு வேண்டிய கரியமிலக் காற்று இந்த வாய் வழியேதான் உள்ளே வரவேண்டும். வாய் திறந்த நொடியே உள்ளிருக்கும் ஈரம் வெளியே போகத் தொடங்கும். சோறு வரும் வாசலும் தண்ணீர் போகும் வாசலும் ஒன்றே. வேர் பாடுபட்டு உறிஞ்சிய நீரில் நூற்றுக்கு 95 பங்குக்கு மேல் இப்படி ஆவியாகவே போய்விடுகிறது. கத்தரி, தக்காளி, வெண்டை போன்ற பெரும்பாலான காய்ச்செடிகள் ஒரு மூலக்கூறு கரியமிலக் காற்றைச் சோறாக்க ஏறத்தாழ 400 மூலக்கூறு நீரை விலையாகக் கொடுக்கின்றன. தண்டுக்கீரையும் முளைக்கீரையும் சற்றுச் சிக்கனமான வேறொரு வழியைக் கைக்கொண்டவை. அவற்றுக்கு 150 பங்கு அளவில் முடிந்துவிடும். பிரண்டையும் கற்றாழையும் இன்னும் கெட்டி. 50 பங்கு போதும். காரணம், அவை பகலில் வாசலைச் சாத்திவிட்டு இரவில் திறப்பவை. குளிர்ந்த இரவில் ஈரம் அவ்வளவாக வெளியேறாது. ஆனால் இரவில் வெளிச்சம் இல்லாததால் அடுப்பு எரியாது. வந்த காற்றை விடியும் வரை எங்கேயாவது பத்திரப்படுத்த வேண்டும். அவை அதை மாலிக் அமிலமாக மாற்றி வைக்கின்றன. ஆப்பிளுக்குப் புளிப்புத் தருகிற அதே அமிலம். பகல் வந்ததும் வாசலைத் திறக்காமலே அந்த இருப்பிலிருந்து எடுத்துச் சமைத்துக்கொள்கின்றன. பொழுது சாயும்போது இருப்புத் தீர்ந்துவிடும், புளிப்பும் தீர்ந்துவிடும்.

பருப்புக்கீரையின் நயம் எதில் இருக்கிறதென்றால், அது பிறவியில் தண்டுக்கீரையின் கட்சி. மழை இருக்கும் காலத்தில் பகலில் வாசலைத் திறந்து, வேகமாக வளர்ந்து, தரையெல்லாம் படர்கிறது. மண் காயத் தொடங்கியதும் கற்றாழையின் வழிக்கு மாறுகிறது. மறுபடி தண்ணீர் ஊற்றினால் பழைய வழிக்கே திரும்பிவிடுகிறது. இந்த இரண்டு வழிகளும் ஒரே இலையில், ஒரே உயிரணுக்களுக்குள் ஒன்றோடொன்று கைகோத்து ஓடுகின்றன என்பதை யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2022-ல் காட்டினார்கள். நம் ஊரில் களைக்கொத்தால் கொத்தி வரப்பில் எறிகிற கீரை இது. வரப்பில் வேர் மேலே கிடந்தும் பல நாள் வாடாமல் பூத்துக்கொண்டிருப்பதைப் பார்த்தவர்களுக்கு இதில் வியப்பிருக்காது.

காலை மாலை ருசி வேறுபாட்டை எழுதிவைத்த முன்னோடிகளில் ஒருவர் சென்னை மாகாணத்தில் இருந்தவர் என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி. கிழக்கிந்தியக் கம்பெனியின் தாவரவியலாளராக இங்கே வேலை பார்த்த பெஞ்சமின் ஹைனே, ரணகள்ளி இலையை ஒரு நாளின் வெவ்வேறு பொழுதுகளில் மென்று பார்த்தார். காலையில் நன்றாகப் புளிக்கிறது, நண்பகலில் ருசியே இல்லை, மாலையில் லேசாகக் கசக்கிறது என்று கண்டு எழுதினார். அந்தக் குறிப்பு 1815-ல் லண்டனில் அச்சேறியது. அதற்கு அவருக்குக் கருவி எதுவும் தேவைப்படவில்லை. நாக்கு இருந்தது, பொறுமை இருந்தது. இலைகள் இரவில் உழைக்கின்றன என்ற அறிவுக்கு வாசல் திறந்தவற்றில் ஒன்று இந்தச் சுவைத்தல்.

ஹைனேயின் வழியையே நானும் பிடித்துக்கொண்டேன். வறட்சி தாங்கும் காய்கறிகளைப் பற்றிப் படிக்கப் படிக்க எனக்கு ஒன்று உறுதிப்பட்டது. நாம் சாப்பாட்டு இலையில் ருசி என்று கொண்டாடுகிற பல குணங்கள், செடி தாகத்தோடு நடத்திய வாழ்க்கையின் தடங்கள். புளிப்பில், காரத்தில், வழவழப்பில், கசப்பில் அந்தத் தடம் இருக்கிறது. வயலில் பார்த்தது தட்டில் தெரியும். தட்டில் தெரிந்ததை வயலில் போய்த் தேடலாம்.

தட்டைப்பயற்றை எடுத்துக்கொள்வோம். சென்னைப் பக்கம் காராமணி என்பார்கள். பிஞ்சில் பொரியலுக்கு, முற்றினால் குழம்புக்கு, காய்ந்தால் சுண்டலுக்கு. ஈரம் இருக்கும் நாளில் அதன் மூன்று சிற்றிலைகளும் உள்ளங்கை விரித்தது போலச் சூரியனைப் பார்த்துப் படுத்திருக்கும். ஒரு வாரம் தண்ணீரை நிறுத்திவிட்டு, உச்சிவெயிலில் செடிக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, இலையை விட்டுவிட்டு நிழலைப் பாருங்கள். முன்பு மண்ணில் மூன்று அகன்ற நிழல்கள் விழுந்த இடத்தில் இப்போது மூன்று கோடுகள்தாம் இருக்கும். இலைகள் திரும்பிக்கொண்டன. கதிர் இலைப்பரப்பில் விழாமல் விளிம்பில் பட்டு வழுக்கிப் போகும்படி நிமிர்ந்து நிற்கின்றன. குறுகிய வண்டிப் பாதையில் எதிரே மாட்டுவண்டி வந்தால் உடம்பைப் பக்கவாட்டில் திருப்பி வரப்போரமாக ஒதுங்குவோமே, அந்த நிற்பு.

வாடித் தொங்குகிற இலைக்கும் இந்த இலைக்கும் உள்ள வேறுபாட்டைத் தொட்டே அறியலாம். வாடிய இலை துணிபோலத் துவளும். இது விறைப்பாக இருக்கும். சிற்றிலையும் காம்பும் சேருமிடத்தில் சற்றே பருத்த ஒரு மூட்டு இருக்கிறது. மூட்டின் ஒரு புறத்து உயிரணுக்கள் நீரை விட்டுக்கொடுக்க, மறுபுறத்தவை வாங்கிக்கொள்ள, இலை திரும்புகிறது. வெயில் தாழ்ந்ததும் மெல்லப் பழைய நிலைக்கு வரும். தாகத்தோடு இருக்கிற செடி, தன்னிடம் மிச்சமிருக்கிற சொட்டு நீரைக்கொண்டே வெயிலிலிருந்து தப்பிக்கும் அசைவையும் செய்துகொள்கிறது.

மண் கொஞ்சம் காய்ந்ததுமே வாசலைச் சாத்திவிடுகிற முன்ஜாக்கிரதையும் தட்டைப்பயற்றுக்கு உண்டு. வறட்சி பட்ட வேரிலும் இலையிலும் அப்சிசிக் அமிலம் என்ற சுரப்பு பெருகுகிறது. அது இலைத்துளையின் இரண்டு அவரை விதைகளிடம் போய்ச் சேர்ந்ததும், அவற்றுக்குள் இருந்த பொட்டாசியம் உப்பு வெளியேறுகிறது. உப்புப் போன பக்கம் நீரும் போகிறது. பருத்திருந்த விதைகள் தளர்ந்து ஒட்டிக்கொள்ள, வாய் மூடுகிறது. அரிந்த வெள்ளரிக்காயில் உப்புத் தூவினால் நீர் விடுகிறதல்லவா? அடுக்களையில் நடக்கும் அந்த விதிதான் இலையின் கதவுக்கும் தாழ்ப்பாள். அதே விதியைத் திருப்பிப் போட்டும் செடிகள் பயன்படுத்துகின்றன. வேர்நுனியில் சர்க்கரையையும் புரோலின் என்ற சத்தையும் சேர்த்துவைத்துக்கொண்டு, வறண்ட மண்ணிலிருந்தும் நீரைத் தம் பக்கம் இழுக்கின்றன.

இதுவரை சொன்னது பயிரின் குணம். ரகத்துக்கு ரகம் அது எப்படி மாறுகிறது என்பதில்தான் நயம் இன்னும் நுட்பமாகிறது. நைஜீரியாவின் இபாதானில் 1967-ல் தொடங்கப்பட்ட பன்னாட்டு வெப்பமண்டல வேளாண்மை நிறுவனத்தின் ஆய்வாளர்கள், தட்டைப்பயறு நாற்றுகளை ஆழம் குறைந்த மரப்பெட்டிகளில் வளர்த்துத் தண்ணீரை நிறுத்திப் பார்த்தார்கள். ஆழம் குறைந்த பெட்டி எதற்கென்றால், வேர் கீழே ஓடித் தப்பிக்க முடியாது. தண்டும் இலையும் தாமாக என்ன செய்கின்றன என்பது மட்டும் தெரியவரும். 1999-ல் வெளியான அந்த ஆய்வில் இரண்டு விதமான நடத்தைகள் தெரிந்தன. சில ரகங்கள் தண்ணீர் நின்றதும் வளர்ச்சியையே நிறுத்திவிட்டன. உள்ள ஈரத்தை எல்லா உறுப்பும் சமமாகப் பங்கிட்டுக்கொண்டு, முழுச்செடியும் ஒன்றாகக் காத்திருந்தது. டான் இலா, கனன்னாடோ என்ற நாட்டு ரகங்கள் வேறு விதமாக நடந்தன. முதலில் விட்ட பழைய இலைகள் வாடிக் காய்ந்தன. ஆனால் உச்சிக் கொழுந்து பச்சை மாறாமல், மெதுவாகவேனும் வளர்ந்துகொண்டிருந்தது.

பஞ்சம் வந்த வீட்டில் எல்லோரும் அரை வயிறு உண்பது ஒரு முறை. பெரியவர்கள் பட்டினி கிடந்து பிள்ளைக்கு ஊட்டுவது இன்னொரு முறை. எது சரி என்று நாம் தீர்ப்புச் சொல்ல முடியாது. மழை எப்போது திரும்பி வருகிறது என்பதைப் பொறுத்தது அது. ஒரு பயிருக்குள்ளேயே இரண்டு விதமான அறம் இருக்கிறது என்று தெரிந்த பிறகு, கடையில் காராமணியைக் கையில் அள்ளும்போது, இது எந்த வீட்டுப் பிள்ளையோ என்று எனக்குத் தோன்றாமல் இருப்பதில்லை.

வறட்சியைச் செடிகள் சமாளிக்கும் விதங்களை வேளாண் அறிஞர்கள் மூன்றாகப் பிரிப்பார்கள். தப்பித்தல், தவிர்த்தல், தாங்குதல். மழை முடிவதற்குள் பூத்துக் காய்த்து முடித்துக்கொள்வது தப்பித்தல். வேரை ஆழ விட்டும் வாசலைச் சாத்தியும் உடம்பின் ஈரத்தைக் காப்பது தவிர்த்தல். உடம்பே காய்ந்தாலும் உயிரணுக்கள் சிதையாமல் நிற்பது தாங்குதல். மூன்றும் மோனையில் அமைந்தது தற்செயல்தான். ஆனாலும் சொல்லச் சொல்ல ஒரு பழைய நூற்பாவின் ஓசை வருகிறது. ஒரு செடி இவற்றில் ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு நிற்பது அரிது. பருவத்துக்குப் பருவம் மூன்றையும் கலந்தே கையாளும்.

அந்தக் கலவையைக் காண இராமநாதபுரம் சீமைக்குப் போகவேண்டும். முதுகுளத்தூர், கமுதி, பரமக்குடிப் பக்கம் மானாவாரி நிலங்களில் விளையும் முண்டு மிளகாய்க்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. நெல்லிக்காயைப் போல உருண்டு, கருஞ்சிவப்பில் பளபளக்கும் காய். இதை வடகிழக்குப் பருவமழையை நம்பிப் புரட்டாசி ஐப்பசியில் நேரடியாக நிலத்திலேயே விதைக்கிறார்கள். நாற்றுவிட்டுப் பிடுங்கி நடுவதில்லை. இந்தச் சின்ன வழக்கத்துக்குள் பெரிய விவேகம் இருக்கிறது. நாற்றைப் பிடுங்கும்போது ஆணிவேரின் நுனி அறுந்துபோகும். பிறகு செடி பக்கவேர்களைப் பரப்பி மேல்மண்ணை நம்பியே வாழும். தண்ணீர் பாய்ச்சுகிற தோட்டத்துக்கு அது போதும். மானாவாரியில் விதைத்த இடத்திலேயே முளைத்த செடியின் ஆணிவேர் அறுபடாமல், காயும் மேல்மண்ணை விட்டு இறங்கும் ஈரத்தின் பின்னாலேயே போகிறது. மார்கழியில் மழை ஓய்ந்து, தை மாசி வெயிலில் காய்கள் பழுக்கும்போது, செடி குடிப்பது ஐப்பசி அடைமழையின் மிச்சத்தை.

அப்படி விளைந்த வற்றலை ஒன்று பிட்டுப் பாருங்கள். விதைகள் ஒட்டிக்கொண்டிருக்கும் வெளிறிய நரம்பு போன்ற சதை தெரியும். மிளகாயின் காரம் பிறப்பது அங்கேதான். விதை காரம் என்று நாம் நினைப்பது, அந்தச் சதையோடு அது ஒட்டிக் கிடப்பதால் வந்த எண்ணம். நீர் குறைந்த செடியின் காய்களில் காரம் கூடுவதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. எல்லா ரகத்திலும் ஒரே அளவில் கூடுவதில்லை. சிலவற்றில் ஏறுகிறது, பிறவியிலேயே கடும் காரமான சிலவற்றில் அசைவே இல்லை. தண்ணீர் பாய்ந்த மிளகாய்க்கும் மானாவாரி மிளகாய்க்கும் உள்ள வேறுபாட்டை எங்கள் பக்கத்து வியாபாரி ஒரு வற்றலைக் குலுக்கிக் காதருகே வைத்தே சொல்லிவிடுவார். மூக்கில் ஏறும் நெடி, குழம்பு கொதிக்கும்போது மேலே மிதந்து வரும் நிறம், இரண்டாவது கவளத்தில் மெதுவாக வந்து உட்காரும் உறைப்பு, இவை எல்லாவற்றிலும் ஒரு சீமையின் மழைக்கணக்கு கலந்திருக்கிறது.

மக்கள் தேர்ந்தெடுத்த இந்தக் குணங்களை விஞ்ஞானிகளும் கைவிடவில்லை. கோவில்பட்டியில் 1901-லிருந்து இயங்கும் வேளாண் ஆராய்ச்சி நிலையம், கரிசல் மானாவாரிக்கென்றே பயிர்களைத் தேடி உழைத்து வந்த இடம். அங்கே பிறந்த கே-2 மிளகாயின் பெற்றோரில் ஒன்று அசாம் வகை, மற்றொன்று நம் சாத்தூர் சம்பா. பெங்களூரை அடுத்த ஹெசரகட்டாவில் 1967-ல் அமைந்த இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் தன் ரகங்களுக்கெல்லாம் அர்க்கா என்று முன்பெயர் வைக்கிறது. அருக்கன் என்றால் சூரியன். அர்க்கா விகாஸ் தக்காளி, டிப்-டாப் என்ற அமெரிக்க ரகத்திலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டு, வெயிலையும் ஈரக்குறைவையும் பொறுத்துக்கொள்ளப் பழகியது. அதன் வழிவந்த அர்க்கா மேகாலி மானாவாரிக்கு ஏற்றது. சூரியன் பெயரையும் மேகத்தின் பெயரையும் ஒன்றாகச் சுமக்கிற தக்காளி! பெயர் வைத்தவர் கவிமனம் கொண்டவராக இருக்கவேண்டும்.

தக்காளிக்குத் தாகம் வந்தால் அது நடந்துகொள்ளும் விதம் மனத்தை உருக்கும். முதலில் பூக்களை உதிர்க்கும். இருக்கிற பிஞ்சுகளை வளர்க்கவே ஈரம் போதாதபோது புதிதாக ஒன்றைச் சுமக்காது. அதற்கும் போதாவிட்டால் காயின் அடிப்புறம், பூ இருந்த நுனி, கறுத்து அழுகும். காரணம் கிருமி இல்லை. சுண்ணாம்புச் சத்து செடிக்குள் தண்ணீரோடுதான் பயணம் செய்யும். நீரோட்டம் தளர்ந்தால், ஓட்டத்தின் கடைக்கோடியில் இருக்கும் நுனிக்கு அது வந்து சேராது. கடைமடை வயல் காய்வது போலத்தான். ஒரு காயின் அடியில் விழுந்த கறுப்பு வட்டத்தில் ஒரு பாசனத்தின் முழுக்கதையும் இருக்கிறது.

கத்தரிக்கு இந்த விஷயத்தில் நெஞ்சுரம் அதிகம். நண்பகலில் இலையைத் தொங்கவிட்டு, பொழுது சாய நிமிர்த்திவிடும். அதன் இலையின் அடிப்பக்கத்தை விரலால் தடவினால் சுரசுரவென்று இருக்கும். ஒவ்வொரு மயிரும் நுனியில் பல கிளையாக விரிந்து ஒரு குட்டி நட்சத்திரம் போலிருக்கிறது. அந்த நட்சத்திரக் கூட்டம் இலைத்துளைகளின் மேல் ஒரு மெல்லிய போர்வை. காற்று ஈரத்தை உடனே வாரிக்கொண்டு போகாமல் சற்று நேரம் அங்கேயே தங்கவைக்கிறது. வேலூர் மாவட்டத்து இலவம்பாடி முள்ளு கத்தரி காம்பிலும் முள்ளோடு வந்து, அதே 2023-ல் புவிசார் குறியீடு வாங்கியது. கத்தரியின் காட்டுச் சொந்தமான சுண்டைக்கு வேர் இன்னும் வலிது. சுண்டை வேரில் கத்தரியை ஒட்டுக்கட்டி நடும் வழக்கம் இப்போது பரவுகிறது. வீட்டில் வத்தக்குழம்புக்குச் சுண்டை வற்றலும், எண்ணெய்க் கத்தரியும் ஒரே பந்தியில் பரிமாறப்படும்போது, மண்ணுக்குள் ஒன்று மற்றொன்றைத் தோளில் தூக்கிச் சுமக்கிறது என்பதை நினைத்துக்கொள்வேன்.

வழவழப்புக்கும் ஒரு கதை உண்டு. ராத்திரி ஊறவைத்த வெந்தயம் காலையில் கூழ் கட்டி நிற்குமே, அந்தக் கூழ் கேலக்டோமன்னன் என்ற மாவுப்பொருளின் வேலை. சீனியவரை என்று தென் மாவட்டத்தார் சொல்லும் கொத்தவரையின் விதையிலும் அதே இனத்துப் பொருள்தான். அதை அரைத்து எடுக்கும் பிசின் உலகமெங்கும் ஐஸ்கிரீமைக் கெட்டிப்படுத்தப் போகிறது. செடி அதை நமக்காகச் செய்யவில்லை. விதை மண்ணில் விழுந்து, ஒரு தூறலுக்கு முளைவிட்டு, அடுத்த நாலு நாள் வெயில் கொளுத்தினால் என்ன ஆகும்? வெந்தய விதையில் இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். தன்னைச் சுற்றி அந்தக் கூழ் பிடித்துவைத்த ஈரத்தில்தான் முளை பிழைத்துக்கொள்கிறது. பிறகு அந்தக் கூழையே கரைத்து உணவாகவும் உண்கிறது. தாய் கொடுத்தனுப்பிய கட்டுச்சோறும் தண்ணீர்ச் செம்பும் ஒன்றாகவே இருக்கிறது அதற்கு.

கடைசியாக, நான் மிகவும் நேசிக்கும் ஒரு காய். விருதுநகர், தூத்துக்குடி, மதுரை வட்டாரத்தில் மழைக்காலத்துச் சந்தைகளில் சிறு குவியலாகக் கிடக்கும் அதலைக்காய். பாகற்காயின் தங்கை. கட்டைவிரல் நீளம்கூட இருக்காது. உடம்பில் நெடுக வரிவரியாய்ப் புடைப்பு, கரும்பச்சை. பறித்தால் சீக்கிரம் சமைத்துவிட வேண்டும், வைத்திருந்தால் தானே வெடித்து விதையைக் காட்டிவிடும். இரண்டு நுனியையும் கிள்ளிவிட்டு, முழுசாகவே நல்லெண்ணெயில் சின்ன வெங்காயத்தோடும் பூண்டோடும் வதக்கினால், அதன் கசப்பு பாகலின் கசப்பைப்போல முகத்தில் அறையாது. ஒரு நொடி தயங்கி நின்று, பின்னால் ஓர் இனிப்பின் சாயலை விட்டுப் போகும். எங்கள் அம்மா இதற்குத் தேங்காய்கூடப் போடமாட்டார். ‘அதுக்கே ருசி இருக்கு, நீ எதுக்குக் கெடுக்கணும்?’ என்பார்.

இதைப் பெரும்பாலும் யாரும் விதைப்பதில்லை. கரிசல் மழையில் நனைந்ததும் தானே முளைத்துக் கொடி வீசும். எப்படியென்றால், மண்ணுக்குள் அதற்கு ஒரு கிழங்கு இருக்கிறது. கொடி, இலை, பூ, காய் எல்லாம் மழையின் சில மாதத்துக்கு மட்டும். ஈரம் வற்றியதும் மேலே உள்ளதையெல்லாம் காயவிட்டு, தான் சேர்த்ததைக் கிழங்கில் வைத்துக்கொண்டு உறங்கிவிடும். இலையே இல்லாதவனுக்கு இலைத்துளைக் கவலை எதற்கு? தப்பித்தலும் தவிர்த்தலும் தாங்குதலும் இந்த ஒரு கிழங்குக்குள் சேர்ந்து படுத்திருக்கின்றன. கரிசல் மண்ணும் அதே குணத்ததுதான். மழையில் ஊதிப் பெருத்து ஈரத்தை விழுங்கி வைக்கும். கோடையில் சுருங்கி, கை நுழையும் அளவுக்குப் பாளம் பாளமாக வெடிக்கும்.

ஒரு சித்திரை மாதம், சாத்தூர்ப் பக்கம் ஒரு தரிசில், அதலைக்காய் பறித்து விற்கும் ஒரு பாட்டியோடு போயிருந்தேன். கானல் ஆடிக்கொண்டிருந்தது. பச்சை என்று சொல்ல வேலிக்கருவேலைத் தவிர ஒன்றுமில்லை. வரப்போரம் ஓரிடத்தில் நின்று கால் பெருவிரலால் மண்ணை லேசாகத் தட்டிக் காட்டினார்.

“இங்கனதான் கெடக்கு தம்பி.”

“எப்படிப் பாட்டி தெரியும்? ஒரு சருகுகூட இல்லையே.”

“போன வருசம் இங்கன பறிச்சேன், அதுக்கு முந்தின வருசமும் பறிச்சேன். எங்க போகப்போகுது?”

குனிந்து பார்த்தேன். வெடிப்பின் விளிம்பில் வெயில் வெள்ளையாகக் காய்ந்தது. வெடிப்புக்குள் கை விட்டேன். முழங்கை வரை போனதும் விரல் நுனியில் மண் குளிர்ந்தது. ஈரம் என்று சொல்ல முடியாது. ஈரம் இருந்துவிட்டுப் போன இடத்தின் குளிர்ச்சி. மேலே நெருப்பு, ஒரு முழம் கீழே நிழல். அந்த நிழலில்தான் அது படுத்திருக்கிறது.

அந்த வருஷம் ஐப்பசியில் சந்தையில் அதே பாட்டியிடம் கால்கிலோ அதலைக்காய் வாங்கி வந்தேன். வெங்காயம், பூண்டு, நல்லெண்ணெய் மட்டும்; தேங்காய் போடவில்லை. முதல் காய் கசந்தது. கசப்பு தயங்கி நின்று விலகியபோது, பின்னால் வந்த அந்த மெல்லிய இனிப்பை விழுங்காமல் கொஞ்ச நேரம் நாக்கிலேயே வைத்திருந்தேன். சித்திரை வெடிப்புக்குள் விரல் நுனியில் பட்ட குளிர்ச்சி எனக்கு நினைவுக்கு வந்தது.